1.818 கோடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கைதிகளின் புதிர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தனித்தனியே விசாரிக்கப்படும் இரண்டு கைதிகளும் வாய் திறக்காமல் இருந்தால் இருவருக்கும் நல்லது, ஆனாலும் காட்டிக்கொடுப்பார்கள் என்கிறீர்கள். அப்படியானால் போட்டி நிறுவனங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாமல் நிற்பது எப்படி? ரகசியமாகப் பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

பேசி வைத்துக்கொள்வதும் உண்டு, மாட்டிக்கொண்டு அபராதம் கட்டுவதும் உண்டு. பேசாமலே நடப்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

1999 அக்டோபரில் ஜெர்மனியில் செல்பேசி அலைக்கற்றை ஏலம். மொத்தம் 10 துண்டுகள். ஒருவர் கேட்ட விலைக்கு மேல் கேட்பவர் குறைந்தது 10 சதவீதம் கூட்ட வேண்டும். மானெஸ்மான் நிறுவனம் முதல் சுற்றில் 1 முதல் 5 வரையான துண்டுகளுக்கு மெகாஹெர்ட்ஸுக்கு 1.818 கோடி மார்க் (அப்போதைய ஜெர்மன் நாணயம்) கேட்டது. 6 முதல் 10 வரை 2 கோடி. ஏறக்குறைய ஒரே சரக்கு, இரண்டு விலை. அதிலும் 1.818 என்று யாராவது விலை சொல்வார்களா?

கால்குலேட்டரில் 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள். 2 கோடிக்கு மயிரிழை குறைவு. அதாவது, ‘முதல் ஐந்தை நீ 2 கோடிக்கு எடுத்துக்கொள், மற்றதை எனக்கு விட்டுவிடு.’ போட்டி நிறுவனமான டி-மொபிலுக்குப் புரிந்துவிட்டது. இரண்டே சுற்றில் ஏலம் முடிந்தது, ஆளுக்குப் பாதி. ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஆனால் அவர்கள் கேட்ட விலையே ஓர் அழைப்பாக இருந்தது என்று பிறகு டி-மொபில் தரப்பிலேயே ஒருவர் சொன்னார். பேசத் தடை இருந்த இடத்தில் அந்த 10 சதவீத விதியே மொழியாகிவிட்டது, பாருங்கள்!

இது நட்பு இல்லை. ‘அவன் பங்கில் கை வைத்தால் அடுத்த சுற்றில் என் பங்கில் கை வைப்பான்’ என்று டி-மொபில் நம்பியது. ‘என் கணக்கு அவனுக்குப் புரியும்’ என்று மானெஸ்மான் நம்பியது. இந்த இரண்டாவது நம்பிக்கை இல்லையென்றால் 1.818 வெறும் அசட்டு எண். உங்கள் கைதிகளுக்கோ அடுத்த சுற்றே கிடையாது.

சரி, இதை அவர்களுடைய குணம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மூன்றாம் தலைமுறை (3ஜி) அலைக்கற்றை ஏலம். இவர்களும் இருந்தார்கள் (மானெஸ்மானை அதற்குள் வோடஃபோன் வாங்கியிருந்தது). ஏழு பேரில் ஒருவர் விலகியதும் 12 துண்டுகளுக்கு ஆறு பேர். ஆளுக்கு இரண்டு என்று அப்போதே நிறுத்தியிருக்கலாம். ‘இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இன்னொருவனும் ஓடிவிடுவான்’ என்று பெரிய நிறுவனத்தார் எண்ணினார்கள் போல. யாரும் ஓடவில்லை. கடைசியில் கிடைத்ததும் அதே ஆளுக்கு இரண்டுதான். ஆறு பேரும் சேர்ந்து அரசுக்குக் கட்டியது சுமார் 9,900 கோடி மார்க்.