பர்மாப் போர்முனையில் இந்தியச் சிப்பாயின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது?

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாக் காடுகளில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுவிட்டு, "சண்டை இல்லாத நாட்களில் சும்மாதான் இருந்திருப்பார்களா?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. என் தந்தையார் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி பெற்று, 1944இல் மணிப்பூரின் இம்பாலுக்குத் தெற்கேயும் அதன்பின் பர்மாவுக்குள் தமு–கலேவா சாலையிலும் பணியாற்றியவர். சாலை போடுவது, பாலம் அமைப்பது, கண்ணிவெடி எடுப்பது ஆகியவை அந்தப் படையின் வேலைகள். நேரில் காணாதவன் எழுதுகிறான் என்று யாரேனும் குறை சொல்லலாம். அவர் வாயால் கேட்டதையும், பிற்பாடு நூல்களில் படித்துச் சரிபார்த்ததையும் தவிர வேறெதையும் நான் இங்கே எழுதவில்லை.

பொழுது விடிவதற்கு முன்பே எல்லாரும் ஆயுதத்துடன் பதுங்குகுழியில் நின்றாக வேண்டும். விடியலிலும் அந்தியிலும்தான் தாக்குதலுக்கு வாய்ப்பு மிகுதி என்பதால் நாள்தோறும் இரண்டு வேளையும் இது தவறாது. வெளிச்சம் வந்ததும் ஒரு குவளைத் தேநீர், அதன்பின் வேலை. மழைக்காலத்தில் இரவெல்லாம் குழியில் தேங்கிய நீரை இறைத்துவிட்டு, ஈரம் உலராத காலுறையையே மறுபடியும் மாட்டிக்கொண்டு புறப்படுவார்கள். காலில் ஏறிய அட்டையைப் பிய்த்து எடுத்தால் புண் ஆறாது என்று பீடி நெருப்பைக் காட்டித்தான் உதிர்ப்பார்களாம்.

துப்பாக்கிக் குண்டைவிட நோய்க்கே அவர்கள் அதிகம் அஞ்சினார்கள் என்று சொன்னால் இன்றைய இளைஞர்கள் நம்புவதில்லை. 1943இல் காயம்பட்டு ஒருவர் பின்னே அனுப்பப்பட்டால், நோயுற்று 120 பேர் அனுப்பப்பட்டதாக, பர்மாவில் போரிட்ட பதினான்காம் இராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம்மே பதிவு செய்திருக்கிறார். மலேரியா, சீதபேதி, உண்ணியால் வரும் டைபஸ் காய்ச்சல் என்று ஒன்று போனால் ஒன்று வந்தது. ஆகவே மலேரியாவைத் தடுக்கும் மெப்பாக்ரின் மாத்திரையை நாள்தோறும் வரிசையில் நிறுத்திக் கொடுத்து, விழுங்கிவிட்டார்களா என்று வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அந்த மாத்திரை தோலை மஞ்சளாக்கியது. ஆண்மையையும் கெடுத்துவிடும் என்று ஒரு வதந்தி பரவியிருந்ததால், நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொண்டு பின்னர் துப்பியவர்களும் உண்டு. புதிதாக மணமாகியிருந்த என் தந்தையாருக்கு அந்தப் பயம் மற்றவர்களைவிட அதிகம். ஆனாலும் விழுங்கினார், அந்த வதந்தி பொய் என்பதற்கு நாங்கள் ஐந்து பிள்ளைகளே சாட்சி என்று பின்னாளில் சிரிப்பார். முன்னறிவிப்பின்றிச் சோதனை நடத்தி, மருந்து உட்கொண்டவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்தால் பட்டாலியன் தலைவரையே ஸ்லிம் பதவியிலிருந்து நீக்கினார். மூவரை நீக்கியதும் மற்றவர்கள் வழிக்கு வந்தார்கள். கொசு கடிக்காதிருக்க, அந்தி சாய்ந்ததும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிடுவதும் கட்டளைதான். போரை வென்றதில் பீரங்கிக்கு எவ்வளவு பங்கோ, இந்தக் கெடுபிடிக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கருத்து.

தமுவிலிருந்து கலேவா வரை சாலை போட அங்கே கல் கிடைக்கவில்லை. மண்ணை அணைத்து இடித்துச் சமன் செய்து, தாரில் தோய்த்த சணல் துணியை, கூரைக்கு ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி விரித்துக்கொண்டே போனார்கள். மழைநீர் உள்ளே இறங்காதவரை அந்த மண் லாரிகளின் எடையைத் தாங்கும். ஓர் இடத்தில் கிழிந்தாலும் அந்தப் பகுதி முழுவதும் சேறாகிவிடும். நூறு மைலுக்கு மேல் இப்படிப் போடப்பட்ட பாதையில், கிழிசலைத் தேடி ஒட்டுவதற்கென்றே ஆட்கள் நாள் முழுதும் நடந்தார்கள். 1942இல் ரங்கூனிலிருந்து கால்நடையாக இந்தியாவுக்குத் தப்பிவந்த அகதிகளில் பலர் இதே வழியில்தான் விழுந்து மாண்டார்கள். புதர் வெட்டும்போது எலும்புகளும் பித்தளைச் செம்புகளும் கிடைத்தன என்றும், அவற்றைப் புதைத்துவிட்டே வேலையைத் தொடர்ந்தார்கள் என்றும் என் தந்தையார் ஒரே ஒருமுறை சொன்னார். அதன்பின் அதைப் பற்றிக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

உணவின் பெரும்பகுதி விமானத்திலிருந்து விழுந்தது. பட்டுக்குப் பதிலாகச் சணலிலேயே பாராசூட் தைத்துச் சமாளித்தார்கள். அரிசி மூட்டைகளை அதுவும் இல்லாமல் அப்படியே தள்ளிவிடுவார்கள் என்பதால், அடியில் நின்றால் ஆபத்து. டப்பாவில் வந்த மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் பலர் சமய வழக்கத்தால் தொடாததால், பருப்பும் உலர்ந்த காய்கறியும்தான் மிஞ்சின.

இரவில் ஜப்பானியர்கள் அருகே வந்து கூச்சலிடுவார்கள், இந்துஸ்தானியில்கூடக் கூப்பிடுவார்கள். பதிலுக்குச் சுட்டால் இயந்திரத் துப்பாக்கி இருக்கும் இடம் தெரிந்துவிடும். எனவே விடியும்வரை விரலை அசைக்காமல் கிடப்பதே கடமை. அப்படிக் கிடந்துவிட்டு, மறுநாளும் மண்வெட்டியைத் தூக்கியவர்களைத்தான் சும்மா இருந்தார்களா என்று கேட்கிறீர்கள்.

ஆங்கிலேயப் பேரரசின் படையைப் புகழ்கிறேன் என்று கருத வேண்டாம். எதிர்த்தரப்பில் இந்திய தேசிய இராணுவம் நின்றதையும், அதில் மலாயாத் தமிழர்கள் பலர் சேர்ந்திருந்ததையும் அறிவேன். அவர்களுடைய தியாகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனக்குள்ள மனக்குறை வேறு. தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று முடிவு கட்டி 1920களில் மதராஸ் காலாட்படைப் பட்டாலியன்களைக் கலைத்தவர்கள், போர் முற்றியதும் அதே மக்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் என் தந்தையாரைப் போன்றவர்களைப் பதக்கங்களுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுச் சேவைக்கு ஓய்வூதியம் கிடையாது. ஊரார் அவரிடம் கேட்டதெல்லாம் எத்தனை பேரைச் சுட்டாய் என்பதுதான். சாலை போட்டேன் என்ற பதிலைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

உங்கள் குடும்பத்தில் யாரேனும் அங்கே போய்த் திரும்பாமல் இருந்தால், ரங்கூனுக்கு வடக்கேயுள்ள தவுக்யான் நினைவிடத்தில், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் பலவாறாக எழுதியிருப்பார்கள் என்பதால், ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.