இரண்டு கணவர்கள் என்று சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

மத நம்பிக்கையின் பெயரால் பலதார மணம் செய்ய முடியாது என்ற, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1879-ஆம் ஆண்டு ரேனால்ட்ஸ் தீர்ப்பைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் மணந்த பெண்களில் சிலருக்கு ஏற்கெனவே கணவர் இருந்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அப்படியானால் அவர்களுக்கு இரண்டு கணவர்கள்தானே? ஆணுக்குப் பல மனைவியர், பெண்ணுக்கும் பல கணவர் என்று ஒரு வகைச் சமத்துவம் அங்கே இருந்ததா? எனக்குப் பாஞ்சாலி நினைவு வந்தது.

க.

அன்புள்ள க.,

ஒரு வரியில் கடந்துபோனது சோம்பல்தான். அந்தக் கட்டுரையை நீதிமன்ற வாசலோடு முடித்துக்கொள்ள நினைத்தேன்.

பாஞ்சாலியை முதலில் விட்டுவிடுவோம். பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வழக்கம் என்று அந்தத் தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி வெய்ட் எழுதியிருக்கிறார். கணவனின் சிதையில் மனைவி எரிவதையும் உதாரணமாக இழுத்திருக்கிறார். அவருக்கு நாமும் கை கொடுக்க வேண்டாம். பாஞ்சாலியின் மணம் ஊரறிந்தது, ஐவரும் ஒப்புக்கொண்ட முறை அதற்கு இருந்தது. இல்லினாய் மாநிலத்தில் மார்மன்கள் வாழ்ந்த நாவூ நகரில் 1840-களில் நடந்ததோ கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. எழுவரை மணந்ததாக என் மேல் பழி, எனக்குத் தெரிவது ஒருத்திதான் என்று ஸ்மித் 1844 மே மாதம் கூட்டத்தின் முன் சொன்னார்.

ஒருத்தி இல்லை. 2014-இல் சபையே வெளியிட்ட கட்டுரை, அவருடைய மனைவியர் முப்பதிலிருந்து நாற்பது பேர் இருக்கலாம் என்கிறது. அவர்களில் பன்னிரண்டு முதல் பதினான்கு பேர், மணமாகிக் கணவர் உயிரோடு இருந்தவர்கள். எதிரிகள் கட்டிய கதை என்று இனி யாரும் தள்ளிவிட முடியாது.

இங்கே 'மணம்' என்ற சொல் சறுக்குகிறது. அவர்கள் சொல்வது முத்திரிப்பு, அதாவது ஆணையும் பெண்ணையும் இணைத்துவைக்கும் சபைச் சடங்கு. அதில் இம்மைக்கும் மறுமைக்கும் சேர்த்து ஒரு வகை, மறுமைக்கு மட்டும் ஒரு வகை. நமக்கு இம்மை, மறுமை என்ற சொற்கள் கையிலேயே இருப்பதால் இது எளிதில் புரிகிறது. இம்மையில் ஒருவரோடு குடித்தனம், மறுமைக்கு இன்னொருவர். கணவர் இருந்த பெண்களோடு ஸ்மித்துக்கு இருந்தது மறுமை உறவு மட்டும்தான் என்று சபைச் சார்பாளர்கள் வாதிடுவார்கள். ஸ்மித்துக்கு முத்திரிக்கப்பட்ட சில்வியா லயன் என்ற பெண், தன் மகள் ஜோசஃபின் ஸ்மித்தின் மகள் என்று மரணப் படுக்கையில் சொன்னதாகச் சான்று உண்டு. பிற்காலத்து மரபணுச் சோதனையில் ஜோசஃபின் சில்வியாவின் கணவர் வின்ட்சர் லயனின் மகள் என்றே தெரிந்தது. இதனால் உறவே இல்லை என்றும் ஆகிவிடாது.

நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் ஸைனா ஹன்டிங்டன். 1841 மார்ச்சில் ஹென்றி ஜேக்கப்ஸை மணந்தார். அதே ஆண்டு அக்டோபர் 27-இல் ஸைனாவின் சொந்த அண்ணன் டிமிக் சடங்கை நடத்தி, அவரை ஸ்மித்துக்கு முத்திரித்து வைத்தார். அப்போது ஸைனா ஏழு மாதக் கர்ப்பிணி. பிறகும் ஹென்றியோடுதான் குடித்தனம். 1844 ஜூன் 27-இல் கார்த்தேஜ் சிறையில் கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. 1846 பிப்ரவரியில் நாவூ ஆலயத்தில் ஸைனா மறுபடி சடங்குக்கு நின்றார். மறுமைக்கு இறந்துபோன ஸ்மித், இம்மைக்கு அடுத்த தலைவர் பிரிகம் யங். சாட்சியாகப் பக்கத்தில் நின்றவர் ஹென்றி ஜேக்கப்ஸ்!

நான் இந்த இடத்தில் எப்போதும் நின்றுவிடுவேன். மறு மாதம், மார்மன்கள் நாவூவை விட்டு மேற்கே போகும் வழியில், சாரிட்டன் ஆற்றங்கரையில் ஹென்றிக்கும் ஸைனாவுக்கும் இரண்டாவது மகன் பிறந்தான். ஹென்றி சாரிட்டன் என்று பெயர் வைத்தார்கள். சில வாரங்களில் ஹென்றியைச் சபை ஊழியத்துக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஸைனா பிரிகம் யங்கின் குடும்பத்தில் சேர்ந்தார்.

சமத்துவமா என்று கேட்டீர்கள். 1843 ஜூலை 12-இல் கடவுளின் வாக்கு என்று ஸ்மித் எழுதவைத்த வெளிப்பாடு, சபையின் வேதநூல்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 132-ஆம் பிரிவாக இருக்கிறது. ஒருவனுக்குப் பத்துக் கன்னியரைக் கொடுத்தாலும் அவன் மேல் விபசாரக் குற்றம் இல்லை என்கிறது. அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி வேறு ஆணோடு இருந்தால் அவள் விபசாரி, அழிக்கப்படுவாள். அதோடு, மணக்கப்படுகிறவள் வேறு எவனுக்கும் வாக்குக் கொடுக்காத கன்னியாக இருக்க வேண்டுமாம். ஸ்மித் தாமே எழுதவைத்த வாசகத்துக்குள் ஸைனா அடங்கவில்லை. இன்னொரு வசனத்தில், கடவுள் நியமித்திருந்தால் தவிர என்று ஒரு சிறு இடுக்கு இருக்கிறது. நியமனம் யார் வழியாக வரும்? இதற்கான திறவுகோல், அதாவது அதிகாரம், பூமியில் ஒரு நேரத்தில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கும் என்று அதே பிரிவின் ஏழாம் வசனம் சொல்லிவிடுகிறது. அன்று அந்த ஒருவர் ஸ்மித்.

ஆகவே எண்ணிப் பார்த்தால் இரண்டு கணவர்கள்தான். அவர்களில் இரண்டாவதை அந்தப் பெண் தேடிக்கொள்ளவில்லை. தேவதூதன் உருவிய வாளோடு வந்து பலதார மணத்துக்குத் தன்னைக் கட்டாயப்படுத்தியதாக ஸ்மித் சொன்னார் என்று மேரி லைட்னர் பின்னாளில் எழுதினார். மேரியும் ஸ்மித்துக்கு முத்திரிக்கப்பட்டவர். ஆனால் சபையில் சேராத தன் கணவர் ஆடம் லைட்னரை விட்டு அவர் போகவில்லை.

இதனால் இந்தப் பெண்களை வாயில்லாப் பூச்சிகள் என்று எண்ணிவிடாதீர்கள். ஸைனா 1888-இல் சபைப் பெண்களின் ஒத்தாசைச் சங்கத்துக்குத் தலைவியானார், 1901-இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். மார்மன்கள் மேற்கே போய்க் குடியேறிய யூட்டாவின் பெண்களுக்கு 1870-லேயே வாக்குரிமை கிடைத்தது. மேடையேறிப் பலதார மணத்துக்கு ஆதரவாகப் பேசியவர்கள் அவர்களிலும் உண்டு. அதே பலதார மணத்தை ஒழிக்க வந்த சட்டம்தான் 1887-இல் அந்த வாக்குரிமையைப் பறித்தது. ஸைனா முதுமையில் தம் மணங்களைப் பற்றிக் கேட்டவரிடம், ஜேக்கப்ஸோடு தமக்கு மகிழ்ச்சி இருக்கவில்லை என்று சொன்னார். அதைப் பொய் என்று சொல்ல நான் யார்?

ஹென்றி பிரிந்த பிறகும் ஏக்கத்தோடு ஸைனாவுக்குக் கடிதங்கள் எழுதினார். ஸைனாவின் இரண்டு மகன்களுக்கும் பெற்ற தகப்பன் அவர்தான். தாய் மறுமைக்கு முத்திரிக்கப்பட்டது ஸ்மித்துக்கு என்பதால், சபையின் கணக்கில், மறுமையில் அவர்கள் ஜோசப் ஸ்மித்தின் பிள்ளைகள்.