வாழைநார்த் தாள்: கட்டியும் சுருளலும்

வகுப்பில் செய்யும் வாழைநார்த் தாள் கட்டி கட்டியாக வருகிறது, காய்ந்ததும் ஓரம் சுருள்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டிக்கு மிக்ஸியைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் நார் வேகாததுதான் காரணம்.

நாரை அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி இரவு முழுக்க ஊறவையுங்கள். 100 கிராம் காய்ந்த நாருக்கு 20 கிராம் வாஷிங் சோடா (ஆப்ப சோடா அல்ல) போட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கட்டும். அலுமினியம் வேண்டாம், சோடா அரித்துவிடும். வெந்த நாரை விரலால் இழுத்தால் முரண்டு பிடிக்காமல் பிரியும். அதன்பின் வழவழப்பு போகும்வரை அலசுங்கள்.

மிக்ஸியில் ஒரு தடவைக்கு ஒரு சின்னப் பிடி நார், முக்கால் ஜாடி தண்ணீர். விட்டு விட்டு ஓட்டுங்கள். நீள நார் பிளேடில் சுற்றினால் மோட்டார் போச்சு. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கூழைக் கலக்கி வெளிச்சத்தில் பாருங்கள்: மேகம் மாதிரி பரவினால் சரி, முடிச்சு தெரிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் எடுக்குமுன் கூழ் கரைத்த தொட்டியைக் கலக்க மறக்காதீர்கள்.

சுருளல் வேறு விஷயம். வெயிலில் தனித்தாளாகப் போட்டால் ஓரம் முந்திக் காய்ந்து இழுக்கும். பருத்தித் துணிகளுக்கு நடுவே வைத்துப் பலகையால் அழுத்தி நீரை எடுத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி நிழலில் காயவையுங்கள். முழுக்கக் காயுமுன் உரிக்க வேண்டாம்.