ஈ ஆராய்ச்சிக்குப் போனால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

முனைவர் பட்டத்துக்கு மகளுக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒன்று ஹார்மோன் சிகிச்சையால் வரும் இதய ஆபத்துகள் பற்றியது; மற்றது பழ ஈயின் வளர்ச்சி மரபியல். அவள் ஈ பக்கம் சாய்கிறாள் என்பதுதான் உங்கள் கவலை. "மருத்துவ ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஈ பிடிக்கப் போகிறேன் என்கிறாளே!" என்று கேட்டிருக்கிறீர்கள்.

1995ஆம் ஆண்டு எட்வர்ட் லூயிஸ், கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது பழ ஈயின் கரு எந்த மரபணுக்களால் வடிவம் பெறுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான். கொடுக்கப்பட்டது மருத்துவத்துக்கான பரிசு. ஈயில் 'டின்மேன்' என்றொரு மரபணு இருக்கிறது. அது இல்லையென்றால் ஈக்கு இதயமே உருவாகாது. அதற்கு இணையான மரபணு நம் உடலிலும் உண்டு. அதில் ஏற்படும் மாற்றத்தால் பிறவி இதயக் குறைபாடு வரலாம் என்று 1998இல் தெரியவந்தது. ஈயைப் படிக்கப் போகிறவள் இதயத்தை விட்டு அப்படியொன்றும் தூரம் போய்விடவில்லை.

ஹார்மோன் விஷயத்திலும் இதே கதைதான். பெண்களின் உடலில் சுரக்கும், ஈஸ்ட்ரோஜென் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரோன் என்ற ஹார்மோனை 1929இல் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் அடால்ஃப் புட்டேனாண்ட். அவரே பிறகு பீட்டர் கார்ல்சனோடு சேர்ந்து, பூச்சிகள் தோலுரிக்கக் காரணமான எக்டைசோனைப் பிரித்தெடுத்தார். 1954இல் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம்! எக்டைசோனை உணரும் புரதமும் ஈஸ்ட்ரோஜெனை உணரும் புரதமும் ஒரே குடும்பம் என்பது பின்னால் தெரிந்தது. இதில் வியாபாரமும் இருக்கிறது. எக்டைசோனைப் போல நடித்து, புழுவை நேரத்துக்கு முன்பே தோலுரிக்க வைத்துக் கொல்லும் டெபுஃபெனோசைட் என்ற பூச்சிமருந்து விற்பனைக்கு வந்தது. கொசுப்புழுவுக்குப் போடும் மெத்தோபிரீன் இன்னொரு பூச்சி ஹார்மோனின் நகல்.

அதனால் பாடத்தின் பெயரை வைத்து எது உயர்ந்தது என்று பார்க்க வேண்டாம். அன்றாடம் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று பாருங்கள். இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் அங்கேதான்.

ஈ ஆய்வகத்தில் நாள் முழுக்க குப்பிகள், ஈஸ்ட் வாசனை, நுண்ணோக்கி. கார்பன் டை ஆக்சைடில் ஈக்களை மயக்கி, மெல்லிய தூரிகையால் ஆண், பெண் என்று தள்ளிப் பிரிக்க வேண்டும். கலப்புக்கு எடுக்கும் பெண் ஈ இதற்கு முன் இணை சேர்ந்திருக்கக் கூடாது. அதனால் கூட்டிலிருந்து வெளிவந்து சுமார் எட்டு மணி நேரத்துக்குள் அதைப் பிரித்தாக வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஞாயிற்றுக்கிழமை என்று ஈக்குத் தெரியாது. பதிலுக்கு ஒரு வசதி: சுமார் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். தப்பாகப் போனால் சீக்கிரம் தெரியும்.

இதய ஆபத்து ஆய்வில் பெரும்பாலான நேரம் கணினி முன்னால்தான். தரவைச் சுத்தம் செய்வது, எதை மாரடைப்பு என்று கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்வது, நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதுவது. பொறுமைக்கு அங்கேயும் சோதனைதான். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதயநோய் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வு 16,608 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜென்-புரோஜெஸ்டின் ஹார்மோன் மாத்திரையும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது. தீமைதான் அதிகம் என்று 2002இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். இதயநோய் ஆபத்து 29 சதவீதம் கூடியது என்று தலைப்புச் செய்தி வந்தது. 10,000 பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு வந்தது 37 பேருக்கு வந்தது என்பதும் அதே ஆய்வின் எண்தான். சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் இருப்பவர்களின் நிலை வேறாக இருக்கலாம் என்பதும் அப்புறம் பேசப்பட்டன. இப்படி ஓர் எண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் அவளுக்கு ருசி இருக்கிறதா? இருந்தால் அந்த இடம். கண்ணால் பார்த்து, கையால் செய்து புரிந்துகொள்கிறவள் என்றால் ஈ.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நிரந்தரப் பேராசிரியர் பதவி இரண்டு பக்கமும் குறைவு. அதை மட்டும் நம்பி யாரும் இறங்க வேண்டாம். இதய ஆய்வு முடித்தவர்களுக்கு உயிரியல் புள்ளியியல், மருந்துப் பரிசோதனை நிர்வாகம், மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு என்று கதவுகள் சற்று அதிகம், சீக்கிரமும் திறக்கும். ஈ ஆய்வு முடித்தவர்கள் மரபணுத் தொகுதி ஆய்வு, மரபணுத் திருத்தம், பயிர்ப்பூச்சி மற்றும் கொசுக் கட்டுப்பாடு என்று போகிறார்கள். ஆனால் கணினி நிரல் எழுதத் தெரியாமல் வெளியே வந்தால் சிரமம். எதில் சேர்ந்தாலும் ஆர் (R) அல்லது பைதான் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், முதல் ஆண்டிலேயே.

சேருவதற்கு முன் மகளை இரண்டு இடத்திலும் ஒரு வாரமாவது போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு உறுதி, முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், சராசரியாக எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள் என்று கேட்கட்டும். வழிகாட்டியிடம் கேட்டதோடு விடாமல், அங்கே மூன்றாம், நான்காம் ஆண்டில் இருக்கும் மாணவர்களிடமும் தனியாகக் கேட்கட்டும். இரண்டு பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் கையெழுத்துப் போடும் முன் எனக்கு எழுதுங்கள்.