கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே! (வாசகர் கேள்வி – பதில்)

பெட்ரோலா டீசலா என்ற ரகக் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் எழுதியவைதான் இந்த முறை. ரேஸ் டிராக்கில் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தவன் நான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இந்த ஆசாமிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வெகுநாள் ஆசைப்பட்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். ரியர் வீல் டிரைவ் (பின்சக்கரங்களை இன்ஜின் சுழற்றும் ரகம்), இரண்டே சீட். முன்பு வைத்திருந்த காரில் நிதானமாகத்தான் போவேன். இதில் ஏறி, முன்னால் ரோடு காலியாகத் தெரிந்தால் போதும், கால் தானாக அழுத்துகிறது. ‘இனிமேல் மெதுவாக’ என்று தினமும் முடிவெடுக்கிறேன். அடுத்த வளைவு வரைதான் தாங்குகிறது. மனைவி கூட வர மாட்டேன் என்கிறார். எப்படி அடக்குவது? — இரண்டு சீட்டுக்காரர்

தம்பி, பழியைக் காலின் மேல் மட்டும் போடாதீர்கள். உங்களை அழுத்த வைப்பதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு கூட்டம் அந்தக் காரை வடிவமைத்திருக்கிறது. ‘ஸ்போர்ட்’ மோடில் போட்டால் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தொட்டாலே இன்ஜின் துள்ளும். புகைக்குழாயில் இருக்கும் வால்வு திறந்து சத்தம் கூடும். சில கார்களில் அந்த உறுமலே ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. எனவே முதல் வேலை, அன்றாட ஓட்டத்துக்கு நார்மல் மோடு. இது கோழைத்தனம் இல்லை. தூண்டுகிற கையைத் தள்ளி வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். வேகம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் ஒரே சீரான வேகத்தை உடம்பால் உணரவே முடியாது. விமானம் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும்போது நாம் தூங்கிக்கொண்டிருக்கிறோம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குத் தெரிவதெல்லாம் வேகம் மாறுவதும், திசை மாறுவதும்தான். முதுகை சீட் தள்ளுகிறதே, அதுதான் உங்கள் போதை. அதனால்தான் 140-ஐத் தொட்ட அரை நிமிடத்தில் அது சப்பென்று ஆகி 160 வேண்டும் என்று தோன்றுகிறது. 160-ம் அப்படியே. இந்தப் பாதைக்கு முடிவு கிடையாது, தம்பி.

நல்ல சேதி என்னவென்றால், அந்தத் தள்ளல் 30-லிருந்து 60-க்குப் போகும்போதும் கிடைக்கிறது. இன்னும் சொன்னால், கீழ் கியரில்தான் அது அதிகம். முன்னும் பின்னும் யாரும் இல்லாத, பார்வை நன்றாக எட்டுகிற நேர்ச்சாலையில் இரண்டாவது கியரில் ஒரு முறை முழுசாக இழுங்கள். அந்தச் சாலைக்குரிய வேக வரம்பு வந்ததும் காலை எடுத்துவிடுங்கள். சட்டமும் மீறவில்லை, மனசும் கேட்டதை வாங்கிக்கொண்டது.

ஆனால் இது மட்டும் போதாது. ‘வேகமாகப் போகக் கூடாது, போகக் கூடாது’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டுகிற ஆளுக்கு வேறு வேலை இல்லை, அதையே நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் அவருக்கு ஒரு கஷ்டமான வேலை கொடுக்க வேண்டும். உங்கள் மனைவியை நடுவராக உட்காரச் சொல்லுங்கள். கியர் மாற்றும்போது, பிரேக் போடும்போது, வளைவில் திரும்பும்போது அவர் தலை ஆடக் கூடாது. ஆடினால் உங்களுக்கு மைனஸ் மார்க்.

கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். செய்து பாருங்கள், வியர்க்கும். சிக்னலில் நிற்பதையே எடுத்துக்கொள்வோம். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி நின்றால், நிற்கிற அந்த நொடியில் முன்பக்கம் அமுங்கியிருந்த சஸ்பென்ஷன் சட்டென்று நிமிரும். தலை பின்னால் போய் இடிக்கும். கடைசி ஒரு மீட்டரில் பிரேக்கை முக்கால்வாசி விட்டுக்கொடுத்தால் கார் நின்றதே தெரியாது. எவ்வளவு விடுவது, எப்போது விடுவது என்பது ஒவ்வொரு காருக்கும் வேறு. சரிவில் வேறு, மழையில் வேறு.

வளைவு இன்னும் ருசியானது. நேராக இருக்கும்போதே பிரேக் வேலையை ஏறக்குறைய முடித்துவிட வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப மிச்சப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கண் காருக்கு முன்னால் இருக்கும் தாரில் நிற்கக் கூடாது. வளைவு எங்கே முடிகிறதோ அங்கே போய்விட வேண்டும். ஸ்டீயரிங் நேராக வர வர ஆக்சிலரேட்டரை அதே அளவில் சேர்க்க வேண்டும். பிரேக் போட்டால் எடை முன்சக்கரங்களுக்குப் போகிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின்னால் வருகிறது. வளைவின் நடுவில் பயந்துபோய்க் காலைச் சடக்கென்று எடுத்தால் பின்பக்கம் லேசாகி, கார் தன்னைத்தானே சுற்றப் பார்க்கும். உங்களுடையது போன்ற காரில் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இந்த எடை மாற்றத்தையெல்லாம் 50 கி.மீ. வேகத்திலேயே இடுப்பால் உணரலாம். 1969, 1971, 1973 என்று மூன்று முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான ஜாக்கி ஸ்டீவர்ட் பேர் வாங்கியது இந்த மென்மைக்காகத்தான். முரட்டுத்தனமாக ஓட்டுகிறவர்தான் வேகமானவர் என்ற நினைப்பு டிராக்கில் முதல் நாளே உடைந்துவிடும். அங்கே டயர் கிறீச்சிட்டால் யாரும் கை தட்டுவதில்லை, ‘என்ன ஆச்சு?’ என்றுதான் கேட்பார்கள்.

கிளம்பிய புதிதில்தான் கை அதிகம் துறுதுறுக்கும், இல்லையா? அதற்கு இன்ஜின் ஆயிலைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்ததும் இன்ஜின் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆயில் சூடாக அதற்கும் மேல் நேரமாகும். உங்கள் காரில் ஆயில் சூட்டைத் தனியாகக் காட்டும் வசதி இருந்தால் அது 80 டிகிரியைத் தொடும் வரை ஆர்பிஎம்மை (இன்ஜின் சுற்றும் வேகத்தை) பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். டயரும் அதுவரை ஆறித்தான் கிடக்கும். ஆசையாக வாங்கிய இன்ஜினைத் தேய்க்க யாருக்கும் மனசு வராது. அதற்குள் வழி பாதி கழிந்திருக்கும், மனசும் அடங்கியிருக்கும்.

கேள்வி: என் காரின் பிரேக் டிஸ்க் சாதாரணக் காரின் சக்கரம் அளவு இருக்கிறது. பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறது, கார் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறது. சாதாரணக் காரில் 100-ல் போவதும் இதில் 140-ல் போவதும் ஒன்றுதானே? — பெரிய பிரேக்

இல்லை. வேகம் கூடினால் அதன் ஆற்றல் வர்க்கக் கணக்கில் கூடும். ஒரே தடத்தில் அடுத்தடுத்து இரண்டு கார், ஒன்று 100-ல், இன்னொன்று 140-ல். குறுக்கே ஏதோ வருகிறது. இருவரும் ஒரே இடத்தில், ஒரே வலுவோடு பிரேக் பிடிக்கிறார்கள். முதல் கார் எந்தப் புள்ளியில் நின்றதோ, அந்தப் புள்ளியைத் தாண்டும்போது இரண்டாவது கார் எவ்வளவு வேகத்தில் இருக்கும்? 40 என்பீர்கள். சுமார் 98! நம்பிக்கை இல்லையென்றால் 140-ன் வர்க்கத்திலிருந்து 100-ன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். இதில் நீங்கள் திடுக்கிட்டுக் காலை மாற்றும் நேரத்தைச் சேர்க்கவில்லை. 140-ல் அந்த ஒரு நொடிக்கே கிட்டத்தட்ட 39 மீட்டர் போய்விடும்.

உங்கள் பிரேக் நல்ல பிரேக்தான்; மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு பெரிய டிஸ்க்காக இருந்தாலும் கடைசியில் தரையைப் பிடிப்பது உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர் துண்டுகள். எலெக்ட்ரானிக்ஸ் அந்தப் பிடியைப் பங்கிட்டுக் கொடுக்கும். இல்லாத பிடியை உண்டாக்காது. அப்புறம், ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1980-களில் டாக்சிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சில டாக்சிகளில் ஏபிஎஸ், சிலவற்றில் இல்லை. ஏபிஎஸ் வண்டிகளுக்கு விபத்து குறையவில்லை. காரணம் தேடிப் பார்த்தால், ஏபிஎஸ் இருக்கும் தைரியத்தில் டிரைவர்கள் முன்னால் போகும் வண்டியை ஒட்டி ஓட்டினார்கள், வளைவை வெடுக்கென்று திருப்பினார்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

கேள்வி: தினமும் 30 கி.மீ. நெடுஞ்சாலைப் பயணம். 100-க்குப் பதில் 120-ல் போனால் எவ்வளவு நேரம் மிச்சம்?

மூன்று நிமிடம். அதையும் முதல் சிக்னல் வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு வயது 21. அவன் அப்பாவின் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துப் போகிறான். தனியாகப் போனால் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறான் என்கிறார்கள். நண்பர்கள் ஏறினாலோ, பக்கத்தில் இன்னொரு கார் வந்து உறுமினாலோ ஆளே மாறிவிடுகிறானாம். திட்டியும் பார்த்துவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன். — ஒரு அம்மா

அம்மா, நீங்களே பாதி பதிலை எழுதிவிட்டீர்கள். சின்ன வயது டிரைவரோடு அதே வயது நண்பர்கள் ஏறினால் ஆபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் பார்த்து உறுதி செய்த விஷயம். அதனால்தான் சில நாடுகளில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் நண்பர்களை ஏற்றிப் போகக் கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அந்தச் சட்டத்தைப் போடுங்கள்: இந்தக் கார் என்றால் தனியாகவோ வீட்டு ஆட்களோடோ மட்டும், நண்பர்களோடு போக வேறு வண்டி. அப்பா இதற்குச் சம்மதிக்க வேண்டும், அதுதான் நிஜமான சிக்கல் என்று நினைக்கிறேன். சாவி அவர் கையில்தானே இருக்கிறது?

காரின் செட்டிங்கிலும் பார்க்கச் சொல்லுங்கள். சில கார்களில் ஒரு சாவிக்கு மட்டும் உச்ச வேகத்தைக் கட்டிவைக்கலாம். இன்னொன்றையும் பையனுக்குச் சொல்லிவையுங்கள்: இப்போதைய கார்கள் பலவற்றில், விபத்தில் ஏர்பேக் விரிந்தால் அதற்கு முந்தைய சில நொடிகளின் வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர் எல்லாம் பதிவாகிவிடும். ‘மெதுவாகத்தான் வந்தேன்’ என்று பிறகு சொல்ல முடியாது.

பக்கத்தில் வந்து உறுமுகிறவருக்கு என்ன பதில் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். சிக்னலில் யோசித்தால் கால்தான் யோசிக்கும். என்னிடம் படித்தவர்களுக்கு நான் சொன்னது இதுதான். பச்சை விழுந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டு நகருங்கள். அவர் ஐம்பது மீட்டர் போயிருப்பார். தனியாக யாரும் ரேஸ் விட முடியாது.

கேள்வி: ரேஸ் டிராக்கில் ஆசை தீர ஓட்டிவிட்டால் ரோட்டில் அடங்கிவிடுமா? கூடிவிடுமா?

பெரும்பாலானவர்களுக்கு அடங்குகிறது. உண்மையான வேகம் என்ன என்று அங்கே தெரிந்துவிட்டால், ரோட்டில் செய்தது அதன் அரைகுறை நகல் என்று புரியும். ஆனால் திரும்பி வரும் வழியில் ஜாக்கிரதை. நாள் முழுக்க 180-ஐப் பார்த்த கண்ணுக்கு 80 என்பது நடப்பது போலத் தெரியும். கிளம்புமுன் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். ஸ்பீடோமீட்டரை மட்டும் நம்புங்கள்.

போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். டாட் 4 ரக ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அது 155 வரைக்கும் இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேரும். மிதி தரை வரை போகும், கார் நிற்காது. இன்ஷூரன்ஸ் பாலிசியையும் படியுங்கள். பல பாலிசிகள் டிராக்கைச் சேர்ப்பதில்லை. ஜெர்மனியில் 1927-ல் திறந்த நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கின் 20.8 கி.மீ. பாதையில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பது தெரிந்ததுதான். அந்தப் பொது நாட்களில் அங்கே சாலை விதிகள்தான் செல்லும், பந்தயத்துக்குத் தடை என்பது பலருக்குத் தெரியாது.

கேள்வி: என் கார் அதிகம் ஓடவில்லை. டயர் வாங்கி எட்டு வருடம், ஆனால் பட்டன் அப்படியே இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். ரப்பர் நின்ற இடத்திலேயே இறுகும். நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று போர்ஷே கரேரா ஜிடி காரில் இறந்தார். ஓட்டியது ரேஸ் அனுபவம் உள்ள அவருடைய நண்பர். அவரும் பிழைக்கவில்லை. சுமார் 72 கி.மீ. வரம்புள்ள சாலையில் 130-லிருந்து 150 வரை போயிருக்கிறார்கள், டயர் ஒன்பது வருடப் பழசு என்று விசாரணையில் தெரிந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். குனிந்து பாருங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தாயிற்று. அடங்கவில்லை. விற்றுவிடலாமா? — இன்னொரு இரண்டு சீட்டுக்காரர்

விற்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் காரில் இரண்டாவது கியர் முடிவதற்குள் வேக வரம்பு முடிந்துவிடுகிறது என்றால், அந்தக் கார் உங்கள் சாலைக்கு அதிகம். எடை குறைந்த, சக்தி குறைந்த, கையால் கியர் போடும் காருக்கு மாறிப் பாருங்கள். 1989-ல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் 1.6 லிட்டர் இன்ஜின்தான், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அந்த வரிசைதான் உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். அதை முழுசாகப் பிழிந்தாலும் பல வளைவுகளில் வரம்புக்குள்தான் இருப்பீர்கள். ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, உங்கள் வழக்கமான சாலையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.