அந்த ஒன்பது பேர்

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாகத் தினமும் காலையில் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்துத் தியானிக்கிறேன். முடிந்ததும் பத்து நன்றிகளை நோட்டில் எழுதுவேன். எங்கள் சபையில் பாதிப் பேர் ஞாயிறு தவிர வேதத்தைத் திறப்பதே இல்லை. அந்த விதத்தில் என்னை வேறுபடுத்தி வைத்ததற்கும் ஆண்டவருக்கு நன்றி எழுதியிருக்கிறேன். ஆனால் சில மாதங்களாக மனம் வறண்டு கிடக்கிறது. தியானத்தை இரவுக்கு மாற்றலாமா? வேறு மொழிபெயர்ப்பு உதவுமா? முழங்கால்படியிடாமல் உட்கார்ந்து ஜெபித்தால் தாழ்மைக் குறைவா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நேரம் உங்கள் வசதி. மொழிபெயர்ப்பு புரிந்தால் சரி. முழங்கால் வலித்தால் உட்காருங்கள். வறட்சிக்கும் பயப்படாதீர்கள், 143ஆம் சங்கீதத்தில் தாவீதே தன் ஆத்துமாவை வறண்ட நிலம் என்கிறான்.

சபையில் பாதிப் பேரைப்பற்றி எழுதினீர்களே, அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. அதை நன்றி என்று எப்படி எழுதினீர்கள்? லூக்கா 18ஐ இந்த இரண்டு வருடத்தில் ஒருமுறையாவது வாசித்திருப்பீர்கள். மதச் சட்டத்தைக் கறாராகக் கைக்கொள்ளும் பரிசேயனும், வரி வசூலிப்பதால் ஊரார் பாவி என்று ஒதுக்கும் ஆயக்காரனும் ஆலயத்தில் ஜெபிக்கிற உவமை அதில் இருக்கிறது. பரிசேயனின் ஜெபம் தற்பெருமை என்று பிரசங்கங்களில் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அவனும் நன்றிதான் சொல்கிறான்! "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." ஆயக்காரன் ஜெபத்திலோ ஒரு நன்றிகூட இல்லை. கிருபையாயிரும் என்று மார்பில் அடித்துக்கொள்வதோடு சரி. நீதிமானாக்கப்பட்டு வீடு போனவன் அவன்தான்.

முந்தைய அதிகாரத்தில் இயேசு பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்குகிறார். அவர்களில் சமாரியன் ஒருவன் மட்டும் திரும்பி வந்து, இயேசுவின் பாதத்தருகே முகங்குப்புற விழுந்து நன்றி சொல்கிறான். கிரேக்கத்தில் அவன் நன்றிக்கும் பரிசேயன் நன்றிக்கும் லூக்கா எழுதுவது ஒரே வினைச்சொல். அப்படியானால் வித்தியாசம் எங்கே? சமாரியன் மற்ற ஒன்பது பேரைப்பற்றி வாயே திறக்கவில்லை. "அவர்களைப்போல் இல்லாமல் நான் திரும்பி வந்தேனே" என்று அவன் சொல்லியிருக்கலாம், சொன்னால் அது உண்மையும்கூட. ஒன்பது பேர் எங்கே என்று கேட்டவர் இயேசு. அது அவர் கேட்க வேண்டிய கேள்வி தம்பி, நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவு கோபமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் என் மகள் காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்தாள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன். "எத்தனையோ பிள்ளைகள் அந்த வார்டிலிருந்து வீடு திரும்பவில்லை. என் பிள்ளையை ஜீவனுள்ளோர் தேசத்தில் வைத்தீரே, ஸ்தோத்திரம்!" சபையார் அல்லேலூயா என்றார்கள். என் மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து இறந்துபோன பையனின் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேசி முடித்து உட்காரும்போதுதான் பார்த்தேன்.

ஆராதனை முடிந்ததும் அவரே எங்களிடம் வந்தார். என் மகளின் தலையைத் தடவி, "இப்ப நல்லா சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டார். அப்புறம் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கக்கூட வாய் எழவில்லை. மகள் பிழைத்ததற்கு நன்றி சொன்னது தப்பில்லை, அதை இன்றும் சொல்கிறேன். அதற்கு அந்தப் பிள்ளைகளின் சாவை நான் ஏன் அளவுகோலாக எடுத்தேன்?

நீங்கள் நல்ல பிள்ளை. இரண்டு வருடம் விடாமல் வேதத்தோடு உட்காருவது லேசான காரியமல்ல. தொடர்ந்து வாசியுங்கள். ஆனால் நோட்டை எடுத்து அந்த வரியை இன்றைக்கே அடித்துவிடுங்கள். வேதத்தைத் திறப்பதே இல்லை என்று நீங்கள் எண்ணி வைத்திருக்கிற அந்தப் பாதிப் பேரில் ஒருவரை நினைத்துக்கொண்டு, அவரிடமிருந்து நீங்கள் பெற்றது என்ன என்று அதே இடத்தில் எழுதுங்கள். ஒன்றும் தோன்றவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.