லாங் பஜாரில் நின்றால் மேப் அடுத்த தெருவைக் காட்டுகிறதே, ஏன்? ஜிபிஎஸ், வைஃபை, டவர் இவற்றில் எதை நம்பலாம்?

வேலூர் லாங் பஜாரில் கடை வாசலில் நின்றாலும் புள்ளி அடுத்த தெருவுக்குப் போகிறது, கோட்டை மைதானத்துக்கு வந்தால் சரியாகிவிடுகிறது, போன் ரிப்பேரா என்று கேட்டிருக்கிறீர்கள். ரிப்பேர் இல்லை. நீலப் புள்ளியை விட அதைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு கணக்கில், நீங்கள் அதற்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். மூன்றில் ஒரு தடவை வெளியே இருப்பீர்கள்.

வானம் திறந்திருந்தால் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் சொல்லிவிடும். பஜாரில் அதைக் கெடுப்பது சுவர்கள். நேராக வரவேண்டிய அலை எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும்போது, சுற்றிய தூரத்தையும் போன் சேர்த்துக் கணக்குப் போடும். செயற்கைக்கோள்கள் எல்1, எல்5 என்ற அலைவரிசைகளில் அனுப்புகின்றன. எல்1 மட்டும் வாங்கும் போன் இதில் நன்றாக ஏமாறும். எல்5-உம் வாங்கும் போன் தேவலாம்: எல்5 அலையில் வரும் குறியீடு எல்1-ஐ விடப் பத்து மடங்கு வேகமானது, அதனால் நேர் அலையையும் பட்டுத் திரும்பியதையும் பிரித்தறிவது எளிது. 2018-இல் ஷாவ்மி மி 8-இல்தான் இது முதலில் வந்தது. உங்கள் போனில் உண்டா என்று 'ஜிபிஎஸ்டெஸ்ட்' ஆப்பில் பார்க்கலாம். செயற்கைக்கோள் பட்டியலில் எல்5 என்று வரும்.

கட்டடத்துக்குள், உதாரணமாகப் பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், வைஃபைதான் கை கொடுக்கும். கனெக்ட் ஆக வேண்டியதில்லை. சுற்றியுள்ள ரவுட்டர்களின் அடையாள எண்களைப் பிடித்து, அவை எங்கே இருப்பவை என்று கூகுளின் பதிவில் தேடும். ரவுட்டர்கள் நெருக்கமாக இருந்தால் சில பத்து மீட்டர்தான் பிசகும். இதில் ஒரு வேடிக்கை: காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்கு வீடு மாறி அதே ரவுட்டரைக் கொண்டுபோனால், புது வீட்டுக்குள் இருந்துகொண்டே சில நாள் காட்பாடியில் இருப்பதாகக் காட்டக்கூடும். வாசலுக்கு வந்து வானம் தெரிய நின்றால் சரியாகும்.

டவர் கடைசிப் புகலிடம். ஊருக்குள் சில நூறு மீட்டர், அமிர்தி காட்டுப் பக்கம் போனால் கிலோமீட்டர் கணக்கில் தள்ளும். அங்கே டேட்டாவும் கிடைக்காவிட்டால், செயற்கைக்கோளின் பாதை விவரத்தைப் போன் வானத்திலிருந்தே இறக்க வேண்டும். அதற்கு ஒழுங்கான சிக்னலில் 30 நொடி. மரத்தடியில் சிக்னல் விட்டு விட்டு வந்தால் பல நிமிடம். வெட்டவெளியில் அசையாமல் பிடியுங்கள். மேப்பை முன்பே டவுன்லோட் செய்திருந்தால் தெருவும் தெரியும்.

செட்டிங்ஸில் இரண்டைச் சரிபாருங்கள். லொகேஷன் சர்வீசஸில் 'கூகுள் லொகேஷன் அக்யூரசி' ஆனில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12-லிருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் 'பிரிசைஸ்' என்று தனி அனுமதி உண்டு. அது ஆஃப் ஆனால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்பைத்தான் ஆப்புக்குச் சொல்லும். டெலிவரிப் பையன் சுற்றிச் சுற்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உயரத்தை நம்பவே வேண்டாம். ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் கணக்கு வடிவத்திலிருந்து அளக்கும். சில ஆப்கள் அதைக் கடல்மட்டத்துக்குத் திருத்தாமல் காட்டும். நம் பகுதியில் அது உண்மையை விட 80 மீட்டருக்கு மேல் குறைவாக வரும்.

நிலம் அளக்கும் ஆப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 20 மீட்டர் நீளமுள்ள ஒரு பக்கத்தில் எல்லை 5 மீட்டர் தள்ளினால் 100 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை சென்ட் போச்சு. தென்னந்தோப்பு எத்தனை ஏக்கர் என்று உத்தேசமாகப் பார்க்கலாம். வரப்புத் தகராறு என்றால் சர்வேயர் வந்து எஃப்எம்பி என்ற அரசு நில அளவை வரைபடத்தை வைத்து அளப்பதுதான் செல்லும்.